இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. வயலினில் எப்படித் தயாராவது?

மேற்கத்திய செவ்வியல் வயலினில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், எட்டு மாதம் மீதமிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புரூக்கின் ஜி மைனர் கான்செர்டோ (தனி வாத்தியத்துக்கும் இசைக்குழுவுக்குமான பெரிய படைப்பு) ஓரளவு கைவசம் இருக்கும்போது, சைக்கோவ்ஸ்கியின் கான்செர்டோவைப் புதிதாகக் கற்று வாசித்தால் தேர்வுக் குழுவிடம் கூடுதல் மதிப்புக் கிடைக்குமா என்பது உங்கள் முதன்மையான கேள்வி. கிடைக்காது என்பதே என் பதில். இதே தேர்வில் நான் இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை சைக்கோவ்ஸ்கியை எடுத்துச் சென்று தோற்றேன். மறு ஆண்டு புரூக்கை வாசித்து இடம் பெற்றேன். இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, தேர்வறையின் வாசலில் அமர்ந்து பெயர் அழைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தயாரிப்பைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

கதவு மூடியிருக்கும்போது முகம் தெரியாது, வில் பிடிக்கும் அழகு தெரியாது, வாசிப்பது எவ்வளவு கடினமான படைப்பு என்பதுகூடச் சிறிது நேரத்தில் மறந்துபோகும். முதல் அரை நிமிடத்திலேயே காதில் விழுபவை மூன்றுதான்: சுருதி சுத்தமாக இருக்கிறதா, காலப்பிரமாணம் நிற்கிறதா, வில்லிலிருந்து வரும் ஒலியில் ஒரு நிறைவு இருக்கிறதா. எளிதான மோட்சார்ட் கான்செர்டோவை இந்த மூன்றும் குறையாமல் வாசித்தவர்களைக் குழுவினர் அடுத்த படைப்புக்கு நகர்த்தியதையும், பெரிய கான்செர்டோவின் கடினமான பகுதியில் தடுமாறியவர்களிடம் "ஒரு ஸ்கேல் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) வாசியுங்கள்" என்று கேட்டதையும் பலமுறை கேட்டிருக்கிறேன். (மோட்சார்ட்டை எளிது என்றது விரல்களைப் பொறுத்தவரைதான். 1775இல் எழுதப்பட்ட அவருடைய ஜி மேஜர் கான்செர்டோவில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கிடையாது.) ஆகவே, உங்கள் திறனின் எல்லையில் இருக்கும் படைப்பை விட்டுவிட்டு, அதற்கு ஒரு படி கீழே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பதற்றத்தில் கையின் திறன் எப்படியும் ஒரு படி இறங்கும். அந்த இறக்கத்துக்கு இடம் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

படைப்பின் தொடக்கத்தையும் கவனியுங்கள். மெண்டல்சனின் ஈ மைனர் கான்செர்டோவில் பக்கவாத்தியம் ஒன்றரை பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வாசித்து முடிப்பதற்குள் வயலின் உயர் ஸ்தாயியில் நுழைந்துவிட வேண்டும்; மூச்சை நிலைப்படுத்திக்கொள்ள அவகாசமே கிடையாது. புரூக்கில் வயலின் நுழைவது தாழ்ந்த ஜி தந்தியில், தாளக்கட்டு இல்லாத சுதந்திரமான ஒரு பகுதியில். நடுங்கும் கைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வாசித்தவருக்குத்தான் தெரியும்.

கான்செர்டோவின் முதல் பகுதியோடு, பாக்கின் துணையற்ற வயலின் படைப்புகளிலிருந்து ஒரு பகுதி, ஓர் எட்யூட் (நுட்பத்தைப் பழக எழுதப்பட்ட பயிற்சிப் படைப்பு), மூன்று ஸ்தாயிக்கான ஸ்கேல்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். எட்யூட் என்றதும் மிகக் கடினமான பாகனினியின் கேப்ரீஸ்களுக்குத் தாவ வேண்டிய கட்டாயம் இல்லை. குறிப்பிட்டுக் கேட்காதவரை குரொய்ட்சரின் 42 எட்யூட்களிலோ ரோடின் 24 கேப்ரீஸ்களிலோ ஒன்றைச் சுத்தமாக வாசிப்பது போதும். பாக் விஷயத்தில் மட்டும் சற்று அதிகமாக எச்சரிக்கிறேன். 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் உள்ள அந்த ஆறு படைப்புகளிலிருந்து மெதுவான பகுதி ஒன்றை எடுப்பவர்கள், மெதுவாக இருப்பதால் எளிது என்று நினைத்துக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூன்று நான்கு தந்திகளில் விழும் ஒவ்வொரு கூட்டுஸ்வரத்துக்குப் பிறகும் காலப்பிரமாணம் சிறிது சிறிதாகத் தேய்வது வாசிப்பவருக்குத் தெரிவதில்லை. கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவி) கால் பங்கு வேகத்தில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இடையிலுள்ள சிறு பிரிவுகளை மனத்துக்குள் எண்ணியபடி பாடிப் பாருங்கள். பாட முடியாத இடத்தை வில்லாலும் வாசிக்க முடியாது.

இனி, தயாரிப்பின் மையம் என்று நான் கருதுவது. முதல் ஆண்டு நான் செய்த பெரும் பிழை படைப்புத் தேர்வு மட்டுமன்று. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தை இருபது முறை வாசித்து, இருபதாவது முறை சரியாக வந்ததும் அது வந்துவிட்டதாக நம்பிக்கொண்டதும்தான். தேர்வறையில் இருபதாவது முறை என்று ஒன்று இல்லை. அங்கே கேட்கப்படுவது முதல் முறை மட்டுமே. 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் கையசைவுப் பயிற்சி பற்றி வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகச் செய்தார்கள், பல அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும், பின்னர் சோதித்தபோது முன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இதை அறிந்த பிறகு, கடினமான ஆறு இடங்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த வரிசையில் ஒவ்வொன்றையும் ஒரே முறை வாசித்து, சரியா தவறா என்று மட்டும் குறித்து வைக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் என் உண்மையான நிலை அதுவாகத்தான் இருந்தது.

கடைசி ஆறு வாரங்களில் இதை இன்னும் கடுமையாக்குங்கள். காலையில் விரல்கள் சூடேறுவதற்கு முன், பெட்டியிலிருந்து வயலினை எடுத்துச் சுருதி சேர்த்த உடனே, கான்செர்டோவின் முதல் பக்கத்தை ஒரே முறை பதிவு செய்யுங்கள். மாடிப்படியை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கி, இதயம் வேகமாகத் துடிக்கும்போதே பாக்கைத் தொடங்கிப் பாருங்கள். பதற்றத்தில் வில் நடுங்குவதற்கு ஒத்த ஒரு நிலையை வீட்டிலேயே சந்தித்துவிடலாம். தேர்வுக்கு அணியப்போகும் உடையையும் காலணியையும் அணிந்து குறைந்தது மூன்று பேர் முன்னிலையில் முழு நிகழ்ச்சியையும் நான்கைந்து முறை வாசியுங்கள். கேட்பவர் இசை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நடுக்கத்துக்கு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது மருத்துவரிடம் மட்டுமே பேச வேண்டிய விஷயம், நண்பரிடமிருந்து வாங்கி விழுங்கக் கூடியதன்று.

நேரடித் தேர்வுக்கு முன்பு காணொளிப் பதிவு கேட்கும் கல்லூரி என்றால், ஒரு படைப்புக்குள் வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள். கைப்பேசிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்தி, உரத்த ஒலியை அமுக்கிவிடுவதால், நீங்கள் மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த ஏற்ற இறக்கங்கள் அனைத்தும் தட்டையாகிவிடும். தனி மைக் ஒன்றைக் கடன் வாங்கி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியைப் பலர் கவனிப்பதே இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம், முன்பு பார்த்திராத ஏதாவது ஓர் இசைத்தாளை எடுத்து, மிகச் சிக்கலான பார் எதுவென்று முதலில் தேடி, அதற்கேற்ற வேகத்தில் தொடங்கி, தவறினாலும் நிற்காமல் முடிக்கப் பழகுங்கள். செவித்திறன் தேர்வுக்கும் இதே போன்ற சிறு அன்றாடப் பழக்கம் வேண்டும். கடைசி வாரத்தில் அதை ஏற்றிக்கொள்ள முடியாது.

உங்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவரை எளிதாக நினைக்க வேண்டாம். கல்லூரியே ஒருவரை ஏற்பாடு செய்தாலும், எந்த இடத்தை வெட்டுகிறீர்கள், எங்கிருந்து தொடர்கிறீர்கள் என்று தெளிவாகக் குறித்த, பக்கங்கள் ஒட்டிய பிரதியை முன்கூட்டியே கொடுங்கள். உங்கள் வேகத்தைச் சொல்லால் விளக்காமல், முதல் இரண்டு பாரை அவரிடம் மெல்ல முணுமுணுத்துக் காட்டுங்கள். பியானோவின் ஏ ஸ்வரம் சரியாக 440 ஹெர்ட்ஸில் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். சற்றே உயர்ந்த சுருதியிலும் சில நாள் பழகியிருப்பது நல்லது. புதிய தந்திகள் இழுபட்டு நிலைகொள்ளச் சில நாள் ஆகும் என்பதால், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். நான் முதல் ஆண்டு முந்தைய நாள் இரவில் மாற்றினேன். ஏ தந்தி பாக்கின் நடுவிலேயே இறங்கிப்போனது.

குழுவினர் பாதியில் நிறுத்தினால் கலங்காதீர்கள். அவர்களிடம் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே இருக்கும். தேவையானதைக் கேட்டுவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தோற்ற ஆண்டில் என்னை நிறுத்தாமல் நெடுநேரம் வாசிக்கவிட்டார்கள், தேர்வான ஆண்டில் இரண்டு பக்கத்திலேயே நிறுத்தினார்கள். சில குழுக்களில் ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்து, "இந்த வரியை இன்னும் மெதுவான வில்லில் வாசியுங்கள்" என்று கேட்கக்கூடும். அப்போது உங்கள் முறை ஏன் சரி என்று விளக்கத் தொடங்காமல், அரைகுறையாக வந்தாலும் அவர் சொன்னபடி முயன்று பாருங்கள். நான்கு ஆண்டு கற்பிக்கப்போகும் மாணவரின் காது எப்படி இருக்கிறது என்று அறியத்தான் அவர் அதைக் கேட்கிறார்.

எதிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லக் கூடிய ஒரு விடையை முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். என்னைப் பொறுத்தவரை அது புரூக்தான். பாக்கை இரண்டாவதாகக் கேட்கட்டும்.