தடாகத்து ஏணி ஆடுகிறதா? பாஸைக் கூப்பிட முன் அளவுநாடாவை எடுங்கள்

கேள்வி: வத்தளையில் இருக்கிறோம். கணவரின் தம்பி வெளிநாடு போகும்போது தன் வீட்டு நீச்சல் தடாகத்தை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். நிலத்துக்கு மேலே வைக்கிற வகை. வட்டம், 15 அடி அகலம், 4 அடி உயரம், இரும்புக் குழாய்ச் சட்டம், தடித்த பிளாஸ்டிக் சீட். அதன் ஏணி எங்கோ தொலைந்துவிட்டது. இணையத்தில் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கினோம். பிள்ளைகள் ஏறினால் ஆடுகிறது, உள்பக்கக் கால் மிதந்து எழும்புகிறது. தெரிந்த வெல்டிங் பாஸ் ஒருவர், கால்களைக் கொங்கிரீட்டில் புதைத்துத் தருகிறேன், அல்லது தடாகத்தின் சட்டத்தோடேயே ஒட்டித் தருகிறேன் என்கிறார். மாமிக்கு 68 வயது, முழங்கால் வலி. தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார். என்ன ஏணி வாங்குவது, எப்படி ஆடாமல் நிறுத்துவது?

பதில்: பாஸிடம் இரண்டும் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் தடாகம் நிரம்பினால் ஏறக்குறைய 17,000 லீட்டர் தண்ணீர். அதாவது 17 தொன். அது வெளியே தள்ளுகிற தள்ளலைத் தாங்கத்தான் அந்தக் குழாய்ச் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. ஆட்கள் தொங்கி இழுக்கிற இழுப்பைத் தாங்க அல்ல. வெல்ட் பிடிக்கிற இடத்தில் துரு தடுக்கிற பூச்சு எரிந்துபோகும். ஒரு பொறி சீட்டில் விழுந்தால் அதோடு தடாகமும் சரி. கொங்கிரீட்டில் புதைத்தால் ஆடாது, உண்மைதான். ஆனால் அந்த ஏணியை இனி எடுக்கவே முடியாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எடுக்க முடியாத ஏணியை விட ஆடுகிற ஏணி பரவாயில்லை என்பேன்.

இப்போது அளவு. ஏணி ஆடுகிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு அளவில்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு பக்கமும் கால் உள்ள ஏணி. சுவருக்கு மேலால் ஏறி மறுபக்கம் இறங்குவது. அதன் நான்கு கால்களும் தரையில் நிற்கவேண்டும், மேல்தட்டு சட்டத்தில் முட்டாமல் சற்று மேலே நிற்கவேண்டும். ஏணி கட்டையாக இருந்தால் மேல்தட்டு சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிடும், ஏறுகிறவரின் பாரமெல்லாம் சுவருக்குப் போய்விடும். நிலத்துச் சரிவால் ஒரு கால் அந்தரத்தில் நின்றாலும் ஆட்டம்தான். பெட்டியில் 48 அங்குலம் என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். தடாகத்தை நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள், நிலம் அமரட்டும். பிறகு வெளித்தரையிலிருந்து சட்டத்தின் மேல்விளிம்பு வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். ஏணி வைக்கப்போகிற இடத்திலேயே அளக்கவேண்டும், வேறு பக்கத்தில் அளந்து பிரயோசனமில்லை.

"எந்தத் தடாகத்துக்கும் பொருந்தும்" என்று விற்கிற ஏணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படி ஒரு ஏணி கிடையாது. 30 அங்குலத் தடாகத்துக்கும் 52 அங்குலத் தடாகத்துக்கும் ஒரே ஏணி எப்படிப் பொருந்தும்? விற்கிறவர் சரக்கைக் கண்ணாலும் பார்த்திருக்கமாட்டார். படத்தைப் போட்டு, பணத்தை வாங்கி, வேறொருவரின் களஞ்சியத்திலிருந்து அனுப்பிவைக்கிறவர். கேள்வி கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணலாம்" என்பார். எத்தனை அங்குலத்திலிருந்து எத்தனை வரை என்று கேளுங்கள், அதற்குப் பிறகு பதில் வராது. மலிவாக இருக்கிறதென்று ஒருபக்கக் கால் மட்டும் உள்ள ஏணியையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது மரமேடை அடித்த தடாகத்துக்கு, மேடையில் போல்ட் போட்டு மாட்டுவது. மேடை இல்லாமல் அது நிற்காது.

அடுத்த ஏமாற்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதைச் சொல்லாமல் என்னால் இருக்கமுடியாது. கடையில் ஒரு காந்தத்தை எடுத்து வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், ஒரிஜினல் என்பார்கள். காந்தம் ஒட்டாதது 304 என்ற நல்ல ரகம் மட்டுமல்ல. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 201 ரகத்திலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304 குழாயே வளைத்த இடத்தில் லேசாகக் காந்தத்தைப் பிடிக்கும். ஆக அந்தச் சோதனையில் கள்ளன் தப்பிவிடுவான், நல்லவன் மாட்டிக்கொள்வான். வத்தளைக் கடற்காற்றும் குளோரினும் சேர்ந்தால் 201-இல் தேயிலைக்கறை மாதிரிப் புள்ளிகள் விழுந்து, பிறகு குழியாகும். 304-உம் கடலோரத்தில் கறைபடும். தாக்குப்பிடிப்பது 316, அதன் விலை உங்கள் தடாகத்துக்கு அதிகம். பூச்சுப்பூசிய இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் படி வைத்த ஏணி, அல்லது முழுப் பிளாஸ்டிக் ஏணி, வீட்டுக்குப் போதும். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்று கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவரை போனால், "304" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பாரம் எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். பல ஏணிகளில் 136 கிலோ என்று போட்டிருக்கும். அது 300 இறாத்தல். ஒரு நேரத்தில் ஒருவர் ஏறுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தங்கையும் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்கு அல்ல.

இனி நிறுத்துவது. உள்பக்கக் கால் மிதப்பது உள்ளே வெறும் காற்று இருப்பதால். கால்களில் துளை இருந்தால் தண்ணீர் புகவிடுங்கள், பாதி ஆட்டம் அதிலேயே போய்விடும். மீதிக்குப் பாரம் வைக்கவேண்டும். மணலை அப்படியே கொட்டாதீர்கள். கசிந்து பம்பின் வடியில் அடைக்கும், சீட்டையும் தேய்க்கும். கழுவிய மணலைப் பிளாஸ்டிக் போத்தல்களில் நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றிக் காற்றில்லாமல் மூடி, கீழ்ப்படியில் கட்டுங்கள். நினைப்பதைவிடக் கூடவே தேவைப்படும். வெளியே 10 கிலோவாக இருக்கும் மணல் தண்ணீருக்குள் 6 கிலோ அளவுக்குத்தான் அழுத்தும். செங்கல், இரும்புத்துண்டு எதுவும் உள்ளே வேண்டாம். ஒன்று சீட்டைக் கிழிக்கும், மற்றது கறையாக்கும். உள்கால்களுக்கு அடியில் தடித்த இரப்பர் விரிப்பு கட்டாயம்.

வெளிக்கால்களுக்கு 2 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிப்பில் ஒரு கொங்கிரீட் பலகை. ஏறக்குறைய 43 கிலோ வரும். இரண்டு காலும் அந்த ஒரே பலகையில் நிற்கவேண்டும். காலுக்கொரு கல் வைத்தால் ஒக்டோபர் மழையில் ஒன்று தாழும், மற்றது நிற்கும். மட்டம் பார்த்துப் பதித்துவிட்டு, காலடியைக் கழற்றக்கூடிய கிளிப்பும் போல்ட்டும் கொண்டு பலகையோடு பிடியுங்கள். உங்கள் பாஸுக்கு வேலை வேண்டுமென்றால் இந்த வேலையைக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை எல்லா போல்ட்டையும் இறுக்குங்கள். இரும்பு ஏணி என்றால் பம்புக்குப் போகிற லைனில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று மின்னியலாளரிடம் காட்டுங்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது பம்ப் ஓடவேண்டாம்.

பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம். வெளிப்பக்கப் படிகள் தனியாகக் கழன்று வரும் ஏணியாக எடுங்கள். குளித்து முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கவேண்டும். மற்றது, தண்ணீருக்குள் ஏணிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி. சுழியோடி விளையாடும் பிள்ளை அதற்குள் புகுந்து சிக்கிக்கொள்ளலாம். பக்கத்தடுப்பு உள்ள ஏணி இதற்காகத்தான்.

மாமிக்கு இந்த ஏணி சரிவராது. மேலே சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறுவதை விடக் கடினம் அந்த மேல்தட்டில் திரும்புவது. ஒரு காலைத் தூக்கி, உடம்பைத் திருப்பி, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத படியைக் காலால் தேடவேண்டும். விழுந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவார். வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரத்தில் பாதியளவுதான் காலுக்குத் தெரியும். படி படியாக மேலே வர, பாரமெல்லாம் அந்த வலிக்கிற முழங்காலுக்குத் திரும்பிவிடும், அதுவும் களைத்துப்போன நேரத்தில். அவருக்கு வேண்டியது ஏணியல்ல, படிக்கட்டு. வெளியே சுவர் உயரத்துக்கு ஒரு மரமேடை, அதற்கு அகலப் படிகள். உள்ளே பாரம் வைத்து நிறுத்துகிற பிளாஸ்டிக் படிக்கட்டு. பாதம் முழுதும் படியில் பதியவேண்டும், 10 அங்குல ஆழமாவது இருக்கட்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஒருபக்கம் போதாது. ஆனால் மேடை கட்டிய அன்றே படியைக் கழற்றும் பாதுகாப்பு போய்விடும். மேடையை யாரும் வீட்டுக்குள் தூக்கி வைக்க முடியாதே. ஆகவே மேடைப் படிக்குத் தானாக மூடிக்கொள்ளும் கதவும், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கியும் வேண்டும். கதவுக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் மேடையையும் கட்டாதீர்கள். மாமியை அகலப் படி உள்ள பொதுத் தடாகம் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். செலவும் குறைவு, துணைக்கும் ஆள் இருக்கும்.

இதையெல்லாம் யாராவது வந்து பரிசோதிப்பார்கள் என்று காத்திருக்கவேண்டாம். 2007-ஆம் ஆண்டு நுளம்புச் சட்டம் இருப்பதால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து தண்ணீரில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்ப்பார். குளோரின் போடாமல் விட்டுக் குடம்பி இருந்தால் வழக்கும் வரும். பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஏணியை அவர் பார்க்கமாட்டார், அது அவர் வேலையுமல்ல. யாருடைய வேலை என்று கேட்டுக்கொண்டு போனால் கந்தோர் கந்தோராக அலையவேண்டியதுதான். மின்குமிழ் வாங்கும்போது எஸ்.எல்.எஸ். தரமுத்திரை தேடுகிற நாங்கள், பிள்ளை ஏறுகிற ஏணியில் ஒரு எழுத்தும் இல்லாமல் வாங்கி வருகிறோம். கைநூலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும்தான். நாட்டின் இரண்டு மொழியிலும் இல்லாத சரக்கு எப்படித்தான் துறைமுகத்தைத் தாண்டி வருகிறதோ!

இப்போது வாங்கிய ஏணியை அளந்து பாருங்கள். உயரம் பொருந்தினால் மேலே சொன்னபடி பாரமும் பலகையும் வைத்தால் நிற்கும். பொருந்தாவிட்டால் ஒன்றையும் வெட்டாமல், துளைக்காமல் திருப்பி அனுப்புங்கள். வெட்டிய சரக்கை எவரும் எடுக்கமாட்டார்கள். விற்றவர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம். பில்லும், விளம்பரத்தில் உயரம் பற்றி எழுதியிருந்ததன் படமும் கையில் இருக்கட்டும். அந்த விளம்பரத்தை அவர் அழிக்கமுன் இன்றிரவே படம் பிடித்து வையுங்கள்.