முதலை நடமாடும் துறையில் மாமியார் குளிக்கிறார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிதம்பரம் பக்கத்தில் பழைய கொள்ளிடக் கரையில் இருக்கிறோம், பெயரும் ஊரும் போட வேண்டாம். எங்கள் துறைக்கு எதிர்க்கரையில் பெரிய முதலை ஒன்று வெயில் காய்ந்துகொண்டு கிடந்ததை நானே பார்த்தேன். அப்படியும் என் மாமியார் தினமும் விடியற்காலையில் அங்கேதான் குளிக்கப் போகிறார். "நாப்பது வருஷமா குளிக்கிறேன், என்னை ஒண்ணும் செய்யல. நீதான் எல்லாரையும் பயமுறுத்துற" என்கிறார். இப்போது என் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். தடுத்தால் வீட்டில் ரகளை. என் வீட்டுக்காரர் "அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது" என்று நழுவுகிறார். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பதில்: இல்லை சகோதரி, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாமியார் விஷயத்தைப் பேசித் தீர்க்கக் கொஞ்சம் நாளாகும். மகள் விஷயத்துக்கு யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலிருந்து அவள் அந்தத் துறையில் இறங்கக் கூடாது. அதற்காகச் சண்டை வந்தால் வரட்டும், அந்தச் சண்டையைத் தாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் பக்கம் இருப்பது நன்னீர் முதலை. ஒடிசாவிலும் சுந்தரவனத்திலும் அந்தமானிலும் இருக்கிற உப்புநீர் முதலை வேறு, அது இங்கே கிடையாது. இது மீன், பறவை, நாய், ஆடு என்று கிடைத்ததைத் தின்னும். மனிதரைத் தேடி அலைகிற பிராணி இல்லை, கரையேறி வெகுதூரம் துரத்துகிறதும் இல்லை. ஆனால் கலங்கிய தண்ணீருக்குள் கரையோரமாக, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, சில நேரம் அதுவும் தெரியாமல், அசையாமல் காத்துக்கிடக்கும். குனிந்து உட்கார்ந்து துணி அலசுகிற ஒரு குழந்தை அதன் கண்ணுக்கு ஆட்டுக்குட்டி மாதிரிதான் தெரியும். எதிர்க்கரையில் கிடப்பதைக் காட்டி "அதுபாட்டுக்கு அங்கே கிடக்கு, நாம இங்கே குளிப்போம்" என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. வெயில் காய்கிறது கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீருக்குள் இன்னொன்று இருந்தால் அது தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே படியில் ஆள் இறங்குவது, மறைந்திருந்து பிடிக்கிற பிராணிக்கு மிகவும் வசதியான விஷயம். அதுவும் இருட்டு விலகாத நேரம் என்றால் இன்னும் மோசம்.

இப்போது உங்கள் மாமியாரைப் பற்றி. அவர் சொல்கிற நாற்பது வருஷம் பொய்யில்லை, அதை மறுத்துப் பேசாதீர்கள். பேசினால் அவர் இன்னும் பிடிவாதமாகப் போவார். அதற்குப் பதிலாக, ஏன் போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் குளிக்க இடம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த கரையோர வீடுகள் பலவற்றில், கொல்லையில் நாலு கம்பு நட்டு, சாக்கோ பழைய புடவையோ கட்டிய மறைப்புதான் குளியலறை. பக்கத்திலேயே ஆள் நடக்கிற சந்து. வயதான ஒரு பெண்ணுக்கு அதைவிட விடியற்காலை ஆறுதான் மானமாகக் குளிக்கிற இடம். அவர் வயதுப் பெண்கள் நாலு பேரோடு நிம்மதியாகப் பேசக் கிடைக்கிற நேரமும் அதுவாக இருக்கலாம். முதலையைப் பற்றி எவ்வளவு பயமுறுத்திச் சொன்னாலும் இந்த இரண்டுக்கும் மாற்று இல்லாமல் அவர் வரமாட்டார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதனால் உங்கள் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இந்தப் பத்தியை அவரிடமே காட்டுங்கள். தம்பி, "அங்கே போகாதே" என்று அம்மாவிடம் சொல்வது உங்களுக்குக் கஷ்டம்தான், புரிகிறது. "உனக்குக் கொல்லையில் கதவு வைத்த குளியலறை கட்டுகிறேன், எங்கே கட்டலாம் சொல்லு" என்று கேட்கலாமே? நாலு சுவர், ஒரு தாழ்ப்பாள், ஒரு தண்ணீர்த் தொட்டி. பணம் புரளும் வரை தகரத்திலாவது அடியுங்கள். மாமியார் மருமகள் சண்டையாக இது வளர்ந்ததே நடுவில் நிற்க வேண்டிய நீங்கள் ஒதுங்கிப் போனதால்தான். மகளுடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒதுங்க இடமில்லை.

அதுவரை ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்றால், மேல்படியில் நின்று கயிறு கட்டிய வாளியால் மொண்டு கரையில் வைத்துக் குளிக்கலாம், விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. தண்ணீர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்க வேண்டாம். மீன் கழுவிய தண்ணீர், கோழிக் கழிவு எதையும் துறையில் கொட்ட விடாதீர்கள், அந்த வாசனைக்கு நாய் வரும், நாய்க்காக முதலை வரும். துறையோரம் மண்டிக்கிடக்கிற வெங்காயத்தாமரையை ஊராகச் சேர்ந்து அள்ளிவிடுங்கள்.

அப்புறம் ஊர் செய்ய வேண்டியது. முதலை நடமாட்டத்தை வனத்துறைக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் "பிடித்துக்கொண்டு போங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பக்கம் பிடிபடுகிறவற்றை வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவது உங்களுக்கே தெரியும். ஒன்றைப் பிடித்தாலும், கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்துவிட்டால் வாய்க்கால் வழியாக அடுத்தது வரும். முதலைக்குத் தன் இடத்தைத் தேடித் திரும்பி வரத் தெரியும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் உப்புநீர் முதலைகளை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாம் விட்டுப் பார்த்தார்கள், அவை கடலோரமாக நீந்திப் பழைய ஆற்றுக்கே வந்து சேர்ந்தன. எனவே நிரந்தரமாகக் கேட்க வேண்டியது, துறையைச் சுற்றித் தண்ணீருக்குள் வலுவான கம்பித் தடுப்பும் ஒரு விளக்கும். இலங்கையில் ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பு அடித்து, அந்த அடைப்புக்குள்தான் குளிப்பார்கள், பழைய வழக்கம் அது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிற நாளில் பெண்கள் எல்லோரும் போய் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்பது வருஷம் அந்தத் துறையில் குளித்தவர் பேசினால் சபை கேட்கும்.

கேள்வி: காட்டுமன்னார்கோவில் பக்கம் வடவாற்றங்கரை. எங்கள் ஆடு இரண்டை முதலை இழுத்துவிட்டது, ஒன்று சினை ஆடு. கோழிக்குடலில் மருந்து வைத்துப் போடலாம் என்கிறான் தம்பி. கரையில் கரண்டு கம்பி இழுக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கும் ஆத்திரம்தான். என்ன செய்யலாம்?

பதில்: சினை ஆடு போவது சின்ன நஷ்டமில்லை. அந்த ஆத்திரத்தில் தவறில்லை, ஆனால் இரண்டு யோசனையும் வேண்டவே வேண்டாம். நீங்கள் வைக்கிற விஷம் வாய்க்கால் தண்ணீரில் கரையும், அதே தண்ணீரை உங்கள் மாடும் பக்கத்து வீட்டு மாடும் குடிக்கும். கரண்டு கம்பியில் முதலை சிக்குவதற்கு முன்னால், ராத்திரி மடை திறக்கப் போகிற ஆள் சிக்குவார். அது உங்கள் அப்பாவாகவே இருக்கலாம். அப்புறம், முதலை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. ஆடு போன வீட்டில் மகனும் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

வன விலங்கு கால்நடையைக் கொன்றால் அரசு நிவாரணம் உண்டு. ஆடு போன அன்றே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். மிச்ச உடல் கிடைத்தால் எடுத்துப் புதைத்துவிடாமல் போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்குங்கள். நாள் கடந்துவிட்டால் நாய் கடித்ததா முதலை இழுத்ததா என்ற கேள்வி வரும், பணம் இழுபறியாகும். ஆட்டுக்குத் தண்ணீரைப் பட்டியிலேயே தொட்டியில் வையுங்கள், அது ஒன்றே பாதி ஆபத்தைக் குறைக்கும். பொழுது சாய்ந்தபின் கரைப்பக்கம் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: கல்லூரி மாணவன். மீன் வலையில் ஒரு முதலைக்குட்டி சிக்கியது. ஒரு முழம்கூட இல்லை. பிளாஸ்டிக் டிரம்மில் வைத்திருக்கிறேன். என் தங்கை மீன் போட்டு விளையாடுகிறாள். வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கக் கூடாது தம்பி. பத்திரிகை கைக்கு வந்த இந்த நிமிஷமே வனத்துறைக்குப் போன் போடுங்கள். வைத்திருப்பதே குற்றம். அதைவிட முக்கியமான விஷயம் வேறு. முதலை கோடைக்கு முன்னால் கரை மண்ணைத் தோண்டி 25, 30 முட்டை இடும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். குஞ்சு உள்ளிருந்து கத்துகிற சத்தம் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டி, வாயிலேயே பத்திரமாகத் தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடும், பிறகும் பக்கத்திலேயே காவல் இருக்கும். குட்டி சிக்கிய இடத்தில் தாயும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி வலை போடப் போகாதீர்கள், மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள். தங்கையின் கையைக் கடித்திருந்தால் சின்னக் காயம்தானே என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், முதலைக் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்குக் கல்யாணமாகி முதல் ஆடிப்பெருக்கு. கொள்ளிடக்கரையில் என் அம்மா வீட்டில் வைத்துத் தாலி பிரித்துக் கோர்க்க ஆசை. ஆற்றில் இறங்கித்தான் செய்ய வேண்டுமா? மருமகன் பயப்படுகிறார்.

பதில்: தாராளமாகப் போய்ச் செய்யுங்கள் அம்மா, இறங்க மட்டும் வேண்டாம். ஆடி 18 சமயத்தில் ஆற்றில் தண்ணீர் வேகமாக ஓடும். முதலையை விடுங்கள், அந்த இழுப்பே ஆபத்து. பெரியவர் ஒருவர் கூட்டமாக ஆள் இருக்கிற படித்துறையில் ஒரு குடம் மொண்டு வரட்டும். கரையில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்து, அந்தக் குடத்துத் தண்ணீரைக் காவிரியாகக் கும்பிட்டு மஞ்சள் கயிறு மாற்றுங்கள். ஒரு குறையும் வராது. குழந்தைகள் முளைப்பாரி விட ஓடுவார்கள், அவர்களுக்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள். மருமகன் பயப்படுகிறார் என்று யாரும் கேலி செய்ய வேண்டாம், அவர் உங்கள் மகளுக்காகத்தான் பயப்படுகிறார்.

கேள்வி: பண்ருட்டி. வீட்டைச் சுற்றி முந்திரித்தோப்பு. ராத்திரி நரி ஊளையிடுகிறது. கைக்குழந்தையைத் திண்ணையில் ஏணையில் போடவே பயமாக இருக்கிறது.

பதில்: நரி கோழியைத் தூக்கும், மனிதரைக் கண்டால் ஓடும். ஊளை கேட்பதால் மட்டும் ஆபத்து என்று அர்த்தமில்லை. இருந்தாலும் ராத்திரியில் குழந்தையை வெளியே தனியாகப் போட வேண்டாம், ஏணையை உள்ளே கட்டுங்கள், கோழியைக் கூண்டில் அடையுங்கள், எச்சில் இலையைத் தோப்பில் வீசாதீர்கள். பட்டப்பகலில் பயமில்லாமல் வீட்டுப்பக்கம் தள்ளாடி வருகிற நரி வேறு சங்கதி, அதற்கு வெறிநோய் இருக்கலாம். எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நரி கடித்தாலோ கீறினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைத்துக் கட்ட வேண்டாம். நாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசிதான், அங்கே காசில்லாமல் போடுவார்கள். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.