போட்டி நிரலாக்கத்தில் ‘மிகச் சிறிய விடையைக் கண்டுபிடி’ என்று வரும் கணக்குகளை எப்படி அணுகுவது?

கேட்டவர் ஒரு கணக்கையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். 2 லட்சம் மிகை எண்கள் வரிசையாக இருக்கின்றன. வரிசையைக் கலைக்காமல், துண்டுகளின் எண்ணிக்கை கொடுத்த வரம்புக்கு மேல் போகாதபடி வெட்ட வேண்டும். துண்டுகளின் கூட்டுத்தொகைகளில் பெரியது எதுவோ, அதை எவ்வளவு சிறியதாக்க முடியும்? டிபி (சின்னப் பகுதிகளின் விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) எழுதிப் பார்த்தாராம், டைம் லிமிட் தாண்டிவிட்டதாம்.

தாண்டத்தான் செய்யும். ஒவ்வொரு இடத்திலும் நின்று முந்தைய இடங்களையெல்லாம் திரும்பிப் பார்க்கும் டிபி என்றால், ஒரு துண்டு கூடும்போதெல்லாம் சுமார் 2,000 கோடி படிகள். விநாடிக்குப் பத்து கோடி எளிய செயல்கள் என்பதுதான் போட்டிகளில் பொதுவாக வைத்துக்கொள்ளும் மதிப்பு.

இந்த மாதிரிக் கணக்கு வந்தால் நான் சிறந்த விடையைத் தேடவே மாட்டேன். யாரோ ஒரு விடையைச் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு, அது நடக்குமா நடக்காதா என்று மட்டும் பார்ப்பேன். எண்கள் 4, 9, 3, 7, 6, 2, 8 என்றும், மூன்று துண்டுகள் வரை அனுமதி என்றும் வைத்துக்கொள்வோம். ‘எந்தத் துண்டும் 15ஐத் தாண்டாமல் வெட்ட முடியுமா?’ இடமிருந்து போட்டுக்கொண்டே வாருங்கள், தாண்டும் இடத்தில் வெட்டுங்கள். (4, 9), (3, 7), (6, 2), (8) என்று நான்கு துண்டுகள் வருகின்றன. முடியாது. 16 என்றால்? (4, 9, 3), (7, 6, 2), (8). மூன்றுதான், முடியும். ஆக விடை 16.

இப்படி முடிந்தவரை நிரப்பிவிட்டு வெட்டுவது க்ரீடிதான் (அந்தந்த இடத்தில் நல்லதாகத் தெரிவதை எடுத்துக்கொண்டே போகும் முறை), ஆனால் இங்கே அது சரி. முன்னாலேயே வெட்டினால் மிச்சம் நீளுமே தவிரக் குறையாது. எண்கள் மிகை எண்களாக இருப்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது. குறை எண்கள் கலந்துவிட்டால், அடுத்து வரும் −5 கூட்டுத்தொகையை மறுபடி வரம்புக்குள் இறக்கிவிடலாம், அவசரப்பட்டு வெட்டியிருக்கவே வேண்டாம். அப்போது இந்தச் சோதனையை நம்ப முடியாது.

சோதனை கையில் வந்துவிட்டால் மீதி பைனரி சர்ச், அதாவது நடுவில் சோதித்து ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கும் தேடல். 15 முடியாது என்றால் அதற்குக் கீழே எதுவும் முடியாது; 16 முடியும் என்றால் அதற்கு மேலே எல்லாமே முடியும். இந்த ஒருபக்கத் தன்மைதான் முக்கியம். கீழ் எல்லை வரிசையின் பெரிய எண் 9, மேல் எல்லை மொத்தக் கூட்டுத்தொகை 39. நடுவில் 24, 16, 12, 14, 15 என்று ஐந்தே சோதனைகளில் 16 வந்துவிடும். உண்மையான கணக்கில் ஒவ்வொரு எண்ணும் 100 கோடி வரை போனாலும் சுமார் 48 சோதனைகள் போதும். சோதனைக்கு 2 லட்சம் படிகள் என்றால் மொத்தமே ஒரு கோடிக்குள் அடங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பைனரி சர்ச் போடக் கிளம்பிவிட வேண்டாம். ‘வரிசை முக்கியமில்லை, எந்த எண்ணையும் எந்தக் குழுவிலும் போடலாம்’ என்று கணக்கில் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். ஒருபக்கத் தன்மை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சோதனையே என்பி-கடினமாகிவிட்டது, அதாவது வேகமான பொதுவழி எதுவும் தெரியாத வகை. அப்படிப்பட்ட கணக்கில் பெரும்பாலும் எண்ணிக்கை 20க்குள் என்று கொடுத்திருப்பார்கள், பிட்மாஸ்க் (எந்தெந்த எண்கள் சேர்ந்தன என்பதை 0, 1 என்று குறித்து எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பது) போடு என்று அர்த்தம். அதனால்தான் கணக்கின் கதையைப் படிப்பதற்கு முன்னால் வரம்புகளைப் படிக்கச் சொல்கிறேன். பாதி வழியை அங்கேயே சொல்லியிருப்பார்கள்.

நிரல் எழுதும்போது நடு எண்ணுக்காக இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். கீழ் எல்லையோடு வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுங்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தக் கூட்டல் ஓவர்ஃப்ளோ ஆகும் (எண் வகையின் கொள்ளளவைத் தாண்டும்) பிழை பல ஆண்டுகள் கிடந்து, 2006இல்தான் அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் அதைப் பற்றி எழுதினார். கூட்டுத்தொகைக்கும் இன்ட் என்ற சாதாரண முழு எண் வகை போதாது, சி++இல் பெரிய எண்களுக்கான லாங் லாங் வேண்டும்.

சரி, இதே யோசனை தசம விடைகளுக்கும் வரும், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பு, எடை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொருள்களைத் தேர்ந்தெடுத்து, மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்து வரும் விகிதத்தைப் பெரிதாக்க வேண்டும். தனித்தனி விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தி எடுக்கத் தோன்றும். அது எப்போதும் சரிவராது. விகிதம் 2.5ஆவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பொருளின் மதிப்பிலிருந்தும் அதன் எடையின் 2.5 மடங்கைக் கழித்து, வருவதில் பெரியவற்றை வேண்டிய எண்ணிக்கைக்கு எடுத்துக் கூட்டினால், தொகை பூஜ்யத்துக்குக் குறையாமல் இருந்தால் கிடைக்கும். வகுத்தல் காணாமலே போய்விட்டது பாருங்கள்! இங்கே மட்டும் ‘வித்தியாசம் இவ்வளவு சிறிதாகும் வரை’ என்று லூப் எழுதாமல், 100 முறை சுற்று என்று எழுதிவிடுங்கள். தசமத் துல்லியம் தீர்ந்துபோன பிறகு வித்தியாசம் குறையாமல் நின்றுவிட்டால், அந்த லூப் முடியவே முடியாது.