மூன்று சாமி வராகன்: உருவம் குழிந்து தெரிவது ஏன்?

வணக்கம். மூன்று சாமி வராகன், அதாவது மூன்று சாமி உருவங்கள் பொறித்த பழைய தங்கக் காசைப் போனில் படம் எடுத்தால் நடுவிலுள்ள வெங்கடேசர் வெள்ளையாய்ப் பொங்குகிறார், உருவங்கள் குழிந்து தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வெளிச்சத்தின் கோளாறுதான், காசில் குறையில்லை.

ரிங் லைட்டை அணையுங்கள். சுற்றிலும் ஒரே அளவாக அடிப்பதால் நிழலே விழாது. ஒரு மேசை விளக்கு போதும். சாமியின் தலை 12 மணி என்றால், விளக்கு 10 மணிப் பக்கம், காசின் பரப்பிலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்துதான் ஒளி வரும் என்று கண் பழகிவிட்டது. கீழிருந்து வந்தால் புடைப்பு பள்ளமாகத் தெரியும். உங்கள் பழைய படத்தையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சாமி எழுந்து வருவார்!

தங்கம் பளபளக்கும், அதனால் விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர், எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. போன் கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −0.7-க்குக் குறையுங்கள். காசு 11 மி.மீ. அளவுதான் என்பதால் போனை ஒட்டிக் கொண்டுபோகத் தோன்றும், நிழல் விழும். 15 செ.மீ. தள்ளி 2எக்ஸ் ஜூமில், ஸ்டாண்டில் வைத்து, 3 நொடி டைமரில் எடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சென்னை வெயிலில் கஷ்டம்தான், ஆனால் மேசை அதிர்ந்தால் முகம் கலங்கும்.

புள்ளிகள் நிறைந்த பின்பக்கத்துக்கு விளக்கை 15 டிகிரிக்குத் தாழ்த்துங்கள். பளிச்சென்று வரட்டும் என்று புளியோ விபூதியோ போட்டுத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். முதலில் தேய்வது அந்தப் புள்ளிகளும் சாமி முகமும்தான்.