கூடார முளைக்கும் கணக்கு உண்டு

கேள்வி: எங்கள் சபையில் திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவி அடுக்குவது, நாற்காலி போடுவது, எல்லாரும் போன பிறகு பெருக்குவது எல்லாம் பல வருடங்களாக நான்தான். ஆண்டு விழாவில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஒலிபெருக்கி பார்க்கும் தம்பிகள் வரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. போதகரிடம் மெல்லச் சொன்னேன். “அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பலன் கொடுப்பார், சகோதரி” என்றார். நான் புகழுக்கு அலைகிறேனா? இதையெல்லாம் விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போதகர் சொன்ன வசனம் சரி, சகோதரி. அதை உங்களிடம் அவர் சொன்னதுதான் சரியில்லை.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னது கொடுக்கிறவனுக்கு. வாங்கிக்கொள்கிறவன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. தான் செய்வதை மறைத்துக்கொள்வது ஊழியம் செய்கிறவர் பாடு. அதைத் தேடிக் கண்டுகொள்வது சபையின் பாடு. தன் பாட்டைச் செய்யாத சபை, உங்கள் பாட்டை உங்களுக்கு நினைவுபடுத்துவது நன்றாகவா இருக்கிறது?

எண்ணாகமம் 4-ஐ யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலர் கூடவே தூக்கிப்போன வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தில், லேவியரின் எந்த வம்சத்தார் எதைச் சுமப்பது என்ற பட்டியல் அது. உடன்படிக்கைப் பெட்டியும் குத்துவிளக்கும் கோகாத் வம்சத்தாருக்கு. மெராரி வம்சத்தாருக்குக் கிடைத்ததோ பலகைகள், தூண்கள், பாதங்கள், கூடாரத்தை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கும் முளைகள், கயிறுகள். வனாந்தரத்தில் முளை சுமந்தவனைப் பார்த்து யார் பாட்டுக் கட்டப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் சுமக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. அப்புறம் 7-ஆம் அதிகாரத்தில் அவர்களுக்கு 4 வண்டிகளும் 8 மாடுகளும் கொடுக்கிறார் மோசே. இருந்த 6 வண்டிகளில் 4 அவர்களுக்கே போய்விட்டன. வேலைக்குத் தக்கபடி வண்டி. “தேவன் பார்த்துக்கொள்வார், தூக்குங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடவில்லை.

அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தில், ரோமர் 16-இல், பெபேயாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பெயர் பெயராக எழுதுகிறார். அவர்களில் பெபேயாளைத் தவிர மற்றவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. பிரயாசப்பட்டார்கள் என்பது மட்டும் தெரியும், அதுவும் அவர் எழுதி வைத்ததால். அவர் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதிய தெர்தியுகூட 22-ஆம் வசனத்தில் தலையை நீட்டித் தன் வாழ்த்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமின் ஆயர் கொர்நேலியு தன் சபையைப் பற்றி எழுதிய கடிதத்தில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டே போய், வாசல் காப்போரையும் கணக்கில் சேர்க்கிறார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புகழுக்கு அலைகிறீர்களா? கொஞ்சம். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். அந்தச் சின்னக் கிண்ணத்தின் அடியில் திராட்சரசம் காய்ந்து ஊதா வளையமாகப் பிடித்திருக்கும். விரல் உள்ளே போகாது, துணி முனையை முறுக்கி விட்டுத்தான் துடைக்க வேண்டும். அடுத்த முறை அதில் வாய் வைக்கிறவர், வளையம் இல்லை என்பதைக் கவனிக்கப் போவதில்லை. ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்கே தெரியாத வேலை இது. வருடக்கணக்கில் இதைச் செய்கிறவருக்கு, யாராவது ஒருவர் பார்த்தால் தேவலை என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். வேறு ஒருத்தி வந்து, “நான் கழுவுகிறேன், அக்கா” என்றால் உங்களுக்கு நிம்மதியா, எரிச்சலா? மேடைக்குப் பின்னாலும் பெருமை வளரும். சாமான் அறைச் சாவியை யாரிடமும் கொடுக்காமல், “நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது” என்று அலுத்துக்கொண்டே ஆண்டு கொண்டிருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மேடையில் மைக்கை விடாத பாடகருக்கு அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை.

விடலாமா என்றால், களைப்பாக இருந்தால் தாராளமாக விடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓய்வெடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். “ஒரு ஞாயிறு திண்டாடட்டும், அப்போது தெரியும்” என்று விடுவதானால் வேண்டாம். அது வேலைநிறுத்தம். திண்டாடப் போவது போதகரும் அல்ல, பாவம், முதல் தடவையாகத் திருவிருந்துக்கு வரும் யாரோ ஒரு பிள்ளை. போதகரிடம் மறுபடி போங்கள். பாராட்டு கேட்காதீர்கள், ஆள் கேளுங்கள். இரண்டு பேர் வேண்டும், இன்னின்ன வேலைக்கு, இந்தத் தேதியிலிருந்து என்று. மெராரி வம்சத்தாருக்கு வண்டி கிடைத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் தனியாக ஒன்று. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துச் சபையில் கால் கழுவும் ஆராதனை நடந்தால் இப்போதெல்லாம் மூன்று கேமராக்கள் நிற்கின்றன. அது இருக்கட்டும். அடுத்த திருவிருந்து முடிந்ததும் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்தச் சகோதரியின் பக்கத்தில் அரை மணி நேரம் கிண்ணம் கழுவுங்கள். எது எங்கே இருக்கிறது என்று அவரே சொல்லிக் கொடுப்பார்.