குலுக்கலில் விழ வேண்டிய இடத்துக்கு விலை பேசுகிறார்களா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃபோல்சம் நகரில் வசிக்கிறோம். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் என் மகள் அடுத்த ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, மற்ற நாட்கள் வீட்டிலேயே பாடம் என்று நடக்கும் ஹைப்ரிட் சார்ட்டர் பள்ளியில் அவளைச் சேர்க்க ஆசை. 350 டாலர் கொடுத்தால் இடம் உறுதி, பரதநாட்டிய வகுப்புக் கட்டணத்தையும் பள்ளியிடமிருந்து வாங்கித் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பிறப்புச் சான்றிதழ் நகலும் மின்கட்டண ரசீதும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம், நகல்கள் இரண்டையும் கொடுக்காதீர்கள். 350 டாலர் போனால் போகட்டும் என்றுகூட விடலாம். அந்த நகல்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன.

சார்ட்டர் பள்ளி என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலிபோர்னியாவில் நடக்கும் அரசுப் பள்ளி. படிக்கவும் கட்டணம் இல்லை, விண்ணப்பிக்கவும் கட்டணம் இல்லை. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் போட வேண்டும். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறந்தவர்கள் போன்ற சிலருக்கு முன்னுரிமை இருக்கலாம். பணம் கட்டியவருக்கு முன்னுரிமை என்று எந்தப் பள்ளியின் விதியிலும் இருக்க முடியாது. உங்கள் தெரிந்தவர் இருபது வீடுகளில் பணம் வாங்குவார். குலுக்கலில் எட்டுப் பெயர் தானாக விழும். அந்த எட்டுப் பேரும் அவரைப் புகழ்வார்கள். மீதிப் பேரிடம் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்பார். கிளி ஜோசியம் இதைவிட நாணயமானது.

நகல்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கு அரசுப் பணம் மாணவரின் வருகைக் கணக்கை வைத்துத்தான் வருகிறது. உங்கள் மகளின் பெயருக்கும், அதன் கீழ் நீங்கள் போடும் கையெழுத்துக்கும் சந்தை மதிப்பு உண்டு என்று அர்த்தம். 2019-இல் சான் டியேகோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞர் 11 பேர் மீது வழக்குத் தொடுத்தார். ஏ3 என்ற குழுமத்தின் இணையவழிச் சார்ட்டர் பள்ளிகள் 40 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம் பெற்ற விவகாரம் அது. கோடைகால விளையாட்டுக் குழுக்களில் சேர்ந்த பிள்ளைகளைத் தங்கள் மாணவர்களாகக் கணக்கில் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குழுவில் சேர்க்கப் பெற்றோர் கொடுத்த தாள்கள்தாம். அந்தக் கூத்துக்குப் பிறகு ஒழுங்காக நடக்கும் பள்ளிகளின் தலையில்தான் காகிதச் சுமை ஏறியது. இப்படிப்பட்ட பள்ளியில் வீட்டுப் பாடத்தைக் கவனிக்கும் மேற்பார்வை ஆசிரியராகப் பதினான்கு வருடம் இருந்த என் காலத்தில், பிள்ளை படித்ததைப் பார்த்த நேரத்தைவிடப் படித்ததற்கான தாளைச் சரிபார்த்த நேரம் அதிகம்.

முறையான வழி எளிது. பள்ளியின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பம் போடுங்கள். இடம் கிடைப்பதற்கு முன் பழைய பள்ளியின் கோப்புகளைக் கேட்க அந்தப் பள்ளிக்கே சட்டம் அனுமதி தரவில்லை. இடைத்தரகருக்கு எங்கிருந்து வந்தது? இடம் கிடைத்ததும் முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைப் பள்ளிக்கே நேரடியாகக் கொடுங்கள். பிறகு 'மாஸ்டர் அக்ரிமென்ட்' என்ற ஒப்பந்தத்தில் நீங்களும் மகளும் மேற்பார்வை ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும். அது முடியும் முன் பாடம் தொடங்கக் கூடாது. வீட்டிலேயே சொந்தமாகப் பள்ளி நடத்துபவர்கள் அக்டோபரில் தாக்கல் செய்யும் தனியார் பள்ளி உறுதிமொழிப் படிவத்தை நீங்கள் தொடவே வேண்டாம். உங்கள் மகள் வீட்டில் படித்தாலும் சட்டத்தின் கண்ணில் அரசுப் பள்ளி மாணவி. மூன்றாம் வகுப்பிலிருந்து மாநிலத் தேர்வும் உண்டு. எச்-4 தடையில்லை.

தினமும் வருகைப் பதிவில் நீங்கள் குறியிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் ஆசிரியரைச் சந்தித்து, பாட மாதிரிகளைக் காட்ட வேண்டும். ஒரு அம்மா செவ்வாய்க்கிழமை என்னிடம் கொடுத்த தாளில் வெள்ளிக்கிழமைக்கும் குறி போட்டிருந்தார். 'எப்படியும் படிக்கத்தானே போகிறான்' என்றார். அந்தக் கையெழுத்துக்கு நாளை பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பரதநாட்டியத்துக்கு வருவோம். பாடச் செலவுக்கென்று பள்ளி ஒரு தொகை ஒதுக்கலாம், ஒதுக்காமலும் இருக்கலாம். ஒதுக்கினாலும் அது உங்கள் கைக்கு வராது. உங்கள் நடன ஆசிரியை பள்ளியின் அங்கீகாரம் பெற்றிருந்தால் அவருக்குப் பள்ளியே செலுத்தும். வீட்டுக் கார் கொட்டகையில் சலங்கை கட்டவைத்துச் சொல்லித்தருபவர் என்றால், அவர் கைரேகைச் சோதனை, காப்பீடு என்று ஏறி இறங்க வேண்டியிருக்கும். பலர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமயச் சார்பற்ற பள்ளி என்பதால் பஜனை வகுப்பைக் கேட்டுப் பயனில்லை. வாங்கித் தரும் மடிக்கணினியும் பள்ளியின் சொத்துதான். விலகும்போது திருப்பித் தர வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எங்கள் ஊர்க் குடும்பங்கள் அடிக்கடி இடறி விழுவது: கவுண்டி எல்லை. இப்படி வீட்டுப் பாடமாக நடக்கும் பள்ளி, தான் அனுமதி பெற்று வருகைக் கணக்குக் காட்டும் கவுண்டியிலும் அதை ஒட்டிய கவுண்டிகளிலும் வசிக்கும் பிள்ளைகளை மட்டுமே சேர்க்கலாம். ஃபோல்சம் இருப்பது சாக்ரமென்டோ கவுண்டி. பக்கத்து எல் டொராடோ கவுண்டியில் அனுமதி பெற்ற பள்ளி என்றால் எல்லை ஒட்டுகிறது, கவலையில்லை. வீட்டு விலை தாளாமல் நாளை டிரேசியில் வீடு வாங்கினீர்கள் என்று வையுங்கள். அது சான் வாக்கீன் கவுண்டி. சாக்ரமென்டோவை ஒட்டியது, எல் டொராடோவை ஒட்டாதது. பள்ளியும் அதே, ஆசிரியரும் அதே, பிள்ளையும் அதே. ஆனாலும் நடு வருடத்தில் பெயர் எடுபடும். வகுப்பு நடக்கும் கட்டிடம் எந்த ஊரில் என்று பார்க்காதீர்கள். அனுமதி கொடுத்தது எந்தக் கவுண்டியில் என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

தடுப்பூசி அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். வகுப்பறைக்கே போகாத பிள்ளைக்குள்ள விலக்கு, வாரம் இரண்டு நாள் போகிற உங்கள் மகளுக்கு இல்லை. அவளுக்கு இந்தியாவில் அரசு மையத்தில் ஊசி போட்டிருந்தால் அட்டையில் 'எம்.ஆர்.' (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) என்று இருக்கும். அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து சேராது. இங்கே கேட்பது அதையும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி. சின்னம்மைக்கு இரண்டு தவணை வேண்டும். இந்திய அரசு அட்டவணையில் அது இல்லை. தவணைகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும் என்பதால் ஜூலையில் மருத்துவரிடம் ஓடினால் தாமதமாகிவிடும்.

நகல்கள் ஏற்கெனவே கைமாறிவிட்டன என்றால், அவர் சொன்ன பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மகளின் பெயரில் விண்ணப்பமோ சேர்க்கையோ பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால், அதில் உங்கள் கையெழுத்தாக யார் போட்டது என்பதையும் கேளுங்கள்.