சுவிட்சில் கியூஓஎஸ் (சில டேட்டாவுக்கு முன்னுரிமை தருவது) போட்டால் ஐபி போனில் குரல் விட்டுப் போவது நிற்குமா?

நீங்கள் சொன்ன நிலவரம்: கிண்டியில் அலுவலகம், ஐபி போன்கள், 100 எம்பிபிஎஸ் லைன். மதியம் கிளவுட் பேக்கப் ஓட ஆரம்பித்தால் நீங்கள் பேசுவது எதிர்முனையில் விட்டு விட்டுக் கேட்கிறது.

சுவிட்சில் மட்டும் போட்டால் நிற்காது. முன்னுரிமை என்பது நெரிசல் இருக்கிற இடத்தில்தான் வேலை செய்யும். உங்கள் சுவிட்ச் போர்ட்கள் ஒரு ஜிகாபிட், வெளியே போகும் லைன் 100. அப்போது நெரிசல் ரவுட்டருக்கு வெளியே, சர்வீஸ் கொடுப்பவரின் கருவியில் நடக்கிறது. அங்கே நீங்கள் டேட்டாவின் மேல் போட்ட முன்னுரிமை முத்திரையைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

லைனை 200 ஆக்கலாமே என்பார்கள். அவசரப்படாதீர்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு முறை) ஒரு போன் காலுக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 87 கேபிபிஎஸ்தான். 20 பேர் சேர்ந்து பேசினாலும் 2 எம்பிபிஎஸ் ஆகாது. குரலுக்கு அகலம் தேவையில்லை, தாமதம்தான் ஆகாது. ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. பேக்கப்போ கிடைக்கிற அகலத்தை எல்லாம் விழுங்கும், 200 கொடுத்தாலும்.

அதனால் ரவுட்டரில், வெளியே போகும் திசையில் 95 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப்பிங் (வேக வரம்பு) போடுங்கள். இப்போது கியூ, அதாவது டேட்டா காத்திருக்கும் வரிசை, உங்கள் கைக்குள் வந்துவிடும். அதற்குள் டிஎஸ்சிபி 46 என்ற, குரலுக்கான முத்திரை உள்ளதை மட்டும் பிரயாரிட்டி கியூவில் வையுங்கள், அதற்கும் 3 எம்பிபிஎஸ் மாதிரி ஒரு வரம்பு கொடுத்து. வீடியோ மீட்டிங்கை அதில் சேர்க்கவே வேண்டாம், எம்டி கேட்டாலும். அதற்குத் தனி கிளாஸில் (பிரிவில்) உறுதியான பங்கு கொடுத்தால் போதும். பேக்கப் மிச்சத்தில் ஓடட்டும். போலீசிங் வேறு, ஷேப்பிங் வேறு: முன்னது அதிகமானதைக் கீழே போட்டுவிடும், பின்னது காக்க வைக்கும்.

சரி, சுவிட்சுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, முத்திரையைக் கெடுக்காமல் ரவுட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. சிஸ்கோ 2960 மாதிரி பழைய சுவிட்ச் என்றால் ரொம்பக் கவனம். 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' என்ற ஒரு கட்டளையை மட்டும் அடித்துவிட்டால், எந்தப் போர்ட்டையும் நம்பாமல் எல்லா முத்திரையையும் அது 0 ஆக்கிவிடும். இருந்த முன்னுரிமையும் போச்சு. போன் இருக்கும் போர்ட்டிலும் அப்லிங்கிலும் (ரவுட்டர் பக்கம் போகும் போர்ட்) டிரஸ்ட், அதாவது வரும் முத்திரையை நம்பச் சொல்லும் கட்டளை, கொடுத்தே ஆக வேண்டும். வெறும் கம்ப்யூட்டர் மாட்டிய போர்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு கால் போட்டுக்கொண்டே போன் போர்ட், அப்லிங்க் இரண்டின் கியூஓஎஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் பாருங்கள். 46க்கு நேரே உள்ள எண் போன் போர்ட்டில் உள்ளே வரும் பக்கமும் அப்லிங்கில் வெளியே போகும் பக்கமும் ஏறினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் ஒரு நாள் பிடிக்கும். பேக்கப்பை இரவு 10 மணிக்கு மேல் தள்ள முடியுமானால் அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.